இடுகாட்டுப் பட்டியலை அழித்த நாள்

பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, ஆபீஸ் கணக்கெழுத்து வேலை. ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. தோட்டத்து வரைபடங்கள், ட்ரோன் படங்கள் எல்லாவற்றையும் ஆபீஸ் கணினியில் ‘கிட்’ என்ற முறையில் வைத்திருக்கிறோம். லோபாக்கில் கணினி வேலை பார்க்கும் என் தம்பி அமைத்துக் கொடுத்தது. எதை மாற்றினாலும் பழையதும் உள்ளே இருக்கும்.

அதனாலேயே அது மெதுவாகிப்போனது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் சுருக்கிய சிறு கோப்புகள் தனித்தனியாக விழுந்து, ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஒரு வரைபடம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அன்று காலை சர்வேயர் வருவதாக இருந்தது. அவரைக் காக்க வைத்தால் என் முகத்தைப் பார்ப்பாரே என்ற பயத்தில், தம்பி சொல்லித்தந்திருந்த கட்டளையைப் போட்டேன். சிதறிக் கிடப்பதை எல்லாம் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். வேண்டாததை உடனே தூக்கி எறியும்படியும் சேர்த்துப் போட்டேன். கணினி வேகமானது.

சர்வேயர் வந்து உட்கார்ந்ததும், “அந்த சுடுகாட்டு ஃபைல் கொடுங்கம்மா. மறுநடவுக்கு முன்னால கம்பு நடணும்லா” என்றார்.

கல்லறை கட்டாத பழைய குழிகளின் ஃபைல் அது. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஞாயிறுதோறும் வந்து காட்ட, இடத்தைக் கைப்பேசியில் குறித்து, கிட்டில் தனிக் கிளையாக, முக்கிய வரைபடத்தோடு இன்னும் சேராத தனிப் பிரதியாக, வைத்திருந்தேன். பெயர்களை மட்டும் அச்சடித்து மானேஜரிடம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். ஆட்களை மேய்க்கும் மண்டோர் கொண்டுவரும் வெளிக்காட்டு வேலைக் குறிப்புப் புத்தகத்தை நகலெடுத்து ஒப்பம் வாங்கியபின் கிழித்துப் போடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அதே கையோடு அந்தக் கிளையையும் அழித்திருந்தேன். இன்னும் முக்கியக் கிளையோடு சேரவில்லை என்று கணினி மறுத்தது. நான் வற்புறுத்தி அழித்தேன்.

அச்சுத்தாளில் பெயர்தான் இருந்தது, குழி இருக்கும் இடம் இல்லை. குறி இல்லாவிட்டால் மண்வாரி இயந்திரம் குழிகளின் மேல் போகும். அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு என்ன சொல்வேன்?

“கொஞ்சம் இருங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஸ்டோருக்குப் பின்னால் போய்த் தம்பியை அழைத்தேன்.

“கிளையை மட்டும் அழிச்சிருந்தா உள்ளே இருந்திருக்கும். அப்புறம் தூக்கி எறியவும் சொன்னியா?”

“சொன்னேன்.”

“யாரு அக்கா உனக்கு இவ்வளவு சுத்தம் பழக்கினது?”

“விளையாடாதடா. ஆள் உள்ள உட்கார்ந்திருக்கார்.”

“சரி, அழாதே. நீ எந்தக் கிளையில எப்ப நின்னேன்னு அது தனியா குறிச்சு வெச்சிருக்கும். அந்தக் குறிப்பு முப்பது நாளைக்கு இருக்கும். அதுல இருக்கிறதை எறியாது. கடைசிக் குழியை என்னைக்குச் சேர்த்தே?”

பட்டியல் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதற்கும் பிறகு ஒரு ஞாயிறு ரெம்பாவிலிருந்து ஓர் அம்மா வந்தார். பிறந்த மூன்றாம் நாள் போன பிள்ளையின் இடம் என்று வேலியோரம் காட்டினார். பெயர் வைக்காத பிள்ளை. பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்று இரண்டு தடவை தட்டிக்கழித்துவிட்டு, அவர் நகராமல் நின்றதால் சேர்த்திருந்தேன். அது எந்த ஞாயிறு? சுவர் நாட்காட்டி ஆபீசுக்குள், சர்வேயரின் தலைக்கு மேல் இருந்தது. உள்ளே போய் அவரைப் பார்க்காமல் எண்ணினேன். இருபத்தொன்பது நாள்.

தம்பி சொன்ன கட்டளையை அடித்தேன். குறிப்பில் அந்தப் பிள்ளையின் வரி இருந்தது. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தியதைப் பிடித்து வைத்திருப்பதால், அதிலிருந்து கிளையை மறுபடி எடுத்தபோது முந்திய குழிகள் எல்லாம் ஒன்றைத் தொட்டு ஒன்றாக வந்து நின்றன. மற்றவை எல்லாம் முப்பது நாள் கடந்தவை. அந்த அம்மாவை நான் திருப்பி அனுப்பியிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

“என்னம்மா, கம்ப்யூட்டர் ஸ்லோவா?” என்றார் சர்வேயர்.

“இல்ல சார். இப்ப சரியா போச்சு.”

கோப்பை வாங்கிக்கொண்டு அவர் போனார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேலியோரம் நடந்து பார்த்தேன். அந்தப் பிள்ளையின் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டிருந்தார்கள். ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வாக இருந்ததால் கல்லெடுத்து அடித்து இறக்கினேன்.