பலகைக்குக் கறுப்பு

என் தங்கைக்கு மூன்று நாள் புத்தகம் படிக்க வராமல் போயிற்று. அந்த மூன்று நாளில் நடுநாள் பார்த்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். நடந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல இத்தனை வருஷம் எதற்கு என்று கேட்டால், வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். கல்கத்தா ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்கும், லாரி தெரியாது. நைனாவுக்கு ஏரித் தண்ணீர் பாய்கிற கொஞ்சம் நெல்நிலம் இருந்தது. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், அதற்கு ஒரே அறை, ஒரே வாத்தியார். ஒன்றாவது வாய்ப்பாடு கத்தினால் ஐந்தாவது கணக்கு தப்பாகும். நான் ஐந்தாவது, தங்கை மூன்றாவது. ஆனால் நான் ராகம் போட்டுப் படிக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, என் புத்தகத்தைத் தலைகீழாகவே படித்து, நான் திக்குகிற இடத்தில் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் அவள் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருக்கும்.

அந்தப் பொங்கலுக்குத் திருவள்ளூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். மாமா அங்கே கோர்ட்டில் குமாஸ்தா. அவர்களுக்குக் குழந்தை இல்லை.

“ண்ணா, ரெண்டுல ஒண்ண என் ஊட்டுல உடு. இஸ்கோலு பக்கத்துலயே கீது. நான் படிக்க வெக்கிறேன். ரெண்டையும் வெச்சிக்கினு என்னால முடியாது” என்று நைனாவிடம் சொன்னாள்.

எதை அனுப்புவது? நைனா கைநாட்டு. நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்லிவிடுவார். பிள்ளைகளில் எது படிக்கும் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. வாத்தியாரைப் போய்க் கேட்டார். வாத்தியார் ஒரு பிள்ளையைச் சொல்லி இன்னொரு பிள்ளையின் பாவத்தைக் கட்டிக்கொள்ளாமல், “மாசிக்கு இன்ஸ்பெக்டர் வராரு, அவரு வாயாலயே கேட்டுக்கோ” என்று நழுவிக்கொண்டார். நைனாவுக்கு அது நியாயமாகவே பட்டது. பெரிய மனுஷன் சொன்னால் வீட்டில் சண்டை இருக்காது.

சண்டைக்கு என்ன இருக்கிறது, தங்கைதான் போவாள் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. அதற்கு மேல் எனக்கு நாற்று நடுகிற வேலை காத்திருந்தது. அவளுக்கோ இங்கேயே இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதனால் நான் போவதுதானே நியாயம் என்று எனக்குள்ளேயே வழக்காடி, எனக்குள்ளேயே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணக் களை வந்துவிடும். தரைக்குச் சாணம், வாசலுக்கு மாவிலை, பலகைக்குக் கறுப்பு. வருஷம் முழுக்க சாக்குக்கட்டி தேய்த்து வெளிறிப்போன கரும்பலகைக்கு முதல்நாள் கறுப்பு ஏற்றியாக வேண்டும். அதற்குக் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, துணியில் தோய்த்துத் தேய்ப்போம். ஐந்தாவதில் மூத்த பெண் என்பதால் அந்த வருஷம் பலகை என் பொறுப்பு.

வேலிக்குப் போய்ப் பார்த்தால் கோவைக்கொடியை ஆடுகள் சுத்தமாக மேய்ந்துவிட்டிருந்தன. வெறும் கொடிதான் மிச்சம். ஏரிக்கரை வேலிக்கு நடக்க எனக்குச் சோம்பல். பள்ளிக்கூடத்துப் பின்னால் குப்பைமேட்டில் ஊமத்தைச் செடி மதமதவென்று நின்றது. ஆடு அதை மோந்துகூடப் பார்க்காது. ஊமத்தங்காய் விஷம் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அதைத் தின்னப் போவதில்லையே, பலகைதானே தின்னப் போகிறது என்று நினைத்தேன். இலை பெரிசு, சாறும் நிறைய வரும்.

சாறும் கரியும் சேர்ந்து கையில் ஏறினால் கறை இரண்டு நாளுக்குப் போகாது. இன்ஸ்பெக்டர் நகம் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் தங்கையைக் கூப்பிட்டேன். இலை பறித்தது, கல்லில் வைத்து நசுக்கியது, கரியைப் பொடித்தது, பலகையில் எட்டிய மட்டும் தேய்த்தது எல்லாம் அவள்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு, “அங்க உட்டுட்ட பாரு, இங்க திட்டுத் திட்டா கீது பாரு” என்று மேஸ்திரி வேலை பார்த்தேன்.

மேல்பாதிக்கு அவளுக்கு எட்டவில்லை. முக்காலி மேல் ஏற்றிவிட்டேன். துணியிலிருந்து சாறு வழிந்து அவள் பாவாடையில் சொட்டியது. அது இன்ஸ்பெக்டர் வருகிற நாளைக்கென்று அம்மா வைத்திருந்த பாவாடை. ஆசையாக முதல்நாளே கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“மூதேவி! இந்த அழுக்குப் பாவாடையோட எப்படிடி படிச்சிக் காட்டுவ? உன்னப் பாத்ததும் தூரப் போன்னுவாரு” என்றேன்.

அழ ஆரம்பித்துவிட்டாள். முக்காலி மேல் நின்றபடியே இரண்டு புறங்கையாலும் கண்ணைக் கசக்கிக் கசக்கி அழுதாள். கன்னமெல்லாம் பச்சையும் கறுப்புமாக வழிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். முகம் கழுவிக்கொள் என்று சொல்லத் தோன்றவில்லை. பலகை காய்ந்ததும் பார்த்தால் அப்படி ஒரு கறுப்பு. வாத்தியார் என்னைத்தான் மெச்சினார்.

சாயங்காலம் அவள் புத்தகத்தை எடுத்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், கையை நீட்டிப் பார்த்தாள்.

“யக்கா, எழுத்தெல்லாம் கலங்கிக்கினு கீது. உனக்கும் அப்படி கீதா?”

“தூக்கம் வந்தா அப்படித்தான். போய்ப் படு.”

காலையிலும் அப்படியே இருந்தது. வெயிலில் இறங்கினதும் கண் கூசுகிறது என்று முகத்தை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது. தலை வாரும்போது அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, கண்ணு நாவப்பழமாட்டம் கீது! என் கண்ணே பட்ரும்” என்று நெட்டி முறித்தாள். கண்ணில் கறுமணி அவ்வளவு பெரிதாக இருந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்: “சொல்லாத. ஊமத்த எலயத் தொட்டோம்னு தெரிஞ்சா முதுகுத் தோலு உரிஞ்சிடும்.”

அவள் சொல்லவில்லை. நான் ஒன்று சொன்னால் அவளுக்கு வேதம்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புதுக் கறுப்பின் மேல் ‘நல்வரவு’ என்றும் கீழே தேதியும் பொடியெழுத்தில் வருகைக் கணக்கும் எழுதியிருந்தார். தங்கை கடைசியில் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே அத்தனையையும் ஒரு எழுத்து பிசகாமல் வாசித்துவிட்டு, “பாத்தியாக்கா, நான் பூசினதுல எழுத்து இன்னா பளிச்சுனு கீது!” என்றாள். கண் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. நல்ல மனுஷன்தான், யாரையும் அதட்டவில்லை. நைனா இன்னும் நாலு பேரோடு ஜன்னலுக்கு வெளியே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முதலில் என்னைப் படிக்கச் சொன்னார்கள். ராகம் போட்டுப் படித்தேன். எடுத்துக்கொடுக்க எதிரில் யாரும் இல்லாததால் ஒரு இடத்தில் திக்கினேன். பரவாயில்லை என்று தலையாட்டினார்.

“சார், இந்தப் பொண்ணக் கேளுங்க” என்று வாத்தியார் தங்கையைப் பெருமையாக முன்னால் நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் மூன்றாவது புத்தகத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் பார்த்தாள். கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். அதற்கு மேல் நீட்டக் கை இல்லை. யாரோ சிரித்தார்கள். அவள் முதல் வார்த்தையை ஊகித்துச் சொன்னாள், அது தப்பு. பிறகு என்ன பாடம் என்று ஊகித்து மனசிலிருந்து கடகடவென்று ஒப்பித்தாள். அது வேறு பாடம். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாருக்கு முகம் செத்துப்போயிற்று.

வாத்தியார் என் பக்கம் திரும்பி, “இன்னாம்மா, உன் தங்கச்சிக்கு உடம்பு எதுனா செரியில்லியா?” என்றார்.

அறையே என் வாயைப் பார்த்தது. ஜன்னலில் நைனாவும் பார்த்தார். தங்கை பார்க்கவில்லை. அக்கா சொல்லிவிடுவாள் என்று நிம்மதியாகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாத்தான் கீறா சார்” என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். பயத்தில் சொன்னது என்று இன்றைக்கு ஒரு சமாதானமாவது சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்காமலே அடுத்த வாக்கியமும் என் வாயிலிருந்து வந்தது: “ஊட்டுலயும் இப்படித்தான் சார். எல்லாம் மனப்பாடம். படிக்கத் தெரியாது.”

இன்ஸ்பெக்டர் நோட்டில் எதையோ எழுதினார். “ஓ, அப்படியா” என்றார். பெரியவளை மேலே படிக்க வையுங்கள் என்று போகும்போது நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நைனா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வரப்பில் நடக்கும்போது தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு, “போனாப் போவுது உடுமா. எனக்கும் தான் வரல” என்றார். அவள் அவர் தலையைக் கட்டிக்கொண்டு வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவளுக்குக் கண் தெளிந்துவிட்டது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடி, நைனாவை நிறுத்திவைத்து ஒரு பக்கம் முழுக்கப் படித்துக் காட்டினாள். அவர் சரியா தப்பா என்று கேட்பதற்கு என்னைப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினேன், அதையாவது செய்தேன். அதற்குள் அத்தைக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. “இந்த வருசம் அக்கா போவட்டும், அடுத்த வருசம் உனக்குக் கேக்கலாம்” என்றார் நைனா.

அடுத்த வருஷம் வீட்டில் தம்பி பிறந்திருந்தான். அம்மா நடவுக்குப் போக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தங்கை நாலாவது முடிக்கவில்லை. நான் திருவள்ளூரில் படித்து, அங்கேயே சர்க்கார் ஆபீசில் வேலைக்கும் சேர்ந்து, எழுத்தோடேயே பிழைத்து ஓய்வும் பெற்றேன். வாரப் பத்திரிகையில் ஏதாவது நல்லதாகப் படித்தால், எனக்கு முன்னால் இதை யாராவது தலைகீழாகப் படித்துக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றி மூடி வைத்துவிடுவேன்.

போன வருஷம் கண் பரிசோதனைக்குப் போனேன். கூட ஒரு ஆள் வர வேண்டும் என்றார்கள். தங்கைதான் வந்தாள். எனக்குக் கண்ணில் கறுமணியை விரிக்கிற சொட்டுமருந்து விட்டு உட்காரவைத்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பையனும் அவன் அம்மாவும். டாக்டரம்மா அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பூ பறிச்சியா? ஊமத்தைப் பூவா?” என்று கேட்டாள். கோயிலுக்குப் பறித்தான் என்றாள் அவன் அம்மா.

“கையைக் கழுவாமக் கண்ணைத் தேச்சிருக்கான். பயப்படாதீங்க, ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும். தூரத்துல இருக்கிறது தெரியும், கிட்ட இருக்கிற எழுத்து மட்டும் தெரியாது. ஸ்கூல்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இல்லாட்டி படிக்கலைன்னு அடிப்பாங்க.”

நான் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த அறிவிப்பு அத்தனையும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையில் இருந்த சீட்டில் என் பெயர்கூடத் தெரியவில்லை. கையை நீட்டிப் பார்த்தேன். தங்கையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் சீட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். “குடுக்கா, நான் பட்ச்சி சொல்றேன்” என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, என் பெயரையும் வயதையும் வாசித்தாள். டாக்டரம்மா சொன்னது அவள் காதில் விழுந்ததா, விழுந்தும் விட்டுவிட்டாளா, தெரியாது. நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பல்லாங்குழியில் என் கை முடிந்தால் அடுத்தது அவள் கை. அப்படித்தான் நினைத்து அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொன்னேன். இந்த வருஷம் எனக்கு, அடுத்த வருஷம் அவளுக்கு. எங்களைப் போன்ற வீட்டில் ஒரு பெண்ணுக்கு அந்தக் கை ஒரே ஒரு தடவைதான் வரும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் புத்தகத்துக்குப் பதில் அவளே பூசிய பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டுப் படிக்கச் சொல்லியிருந்தால், சுவர் ஓரமாக நின்று தெளிவாகப் படித்திருப்பாள்.