ஒன்றும் எழுதாமல் திரும்பிய கோப்பு

பெரியப்பா முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுக் கோப்புகளில் எழுதியவர். எழுத்தராகச் சேர்ந்து, சுகாதாரத் துறையின் செயலாளராக ஓய்வு பெற்றார். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பகூட உங்க பெரியப்பா 'பரிசீலிக்கலாம்'னுதான் சொன்னார்" என்று பெரியம்மா இருந்தவரை கேலி செய்வார்.

பெரியம்மா போன மறுவருடம் சுகாதார அமைச்சர் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டார். அமைச்சரின் அறைக்குப் பக்கத்து அறை, பெரிய மேசை, இரண்டு தொலைபேசி. ஆலோசகர் பேசலாம், கோப்பில் எழுதக் கூடாது. கட்சிக்காரர்கள் அவரை ஆபீசர் என்றார்கள். ஆபீசர்கள் அவரைக் கட்சிக்காரர் என்றார்கள். அவர் லிப்டில் ஏறினால் உள்ளே நடந்த பேச்சு நின்றுவிடும்.

அவருக்குப் பின் செயலாளரானவர் அவருடைய நண்பர்தான். இருபது வருடம் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, வாடா போடா என்று பழகியவர்கள். பெரியப்பா ஆலோசகரானதும் நண்பர் தொலைபேசியில் "வணக்கம் சார்" என்றார். முதல்முறை பெரியப்பா சிரித்தார். இரண்டாம் முறைக்குப் பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

அந்த வருடம்தான் நகரின் கிழக்குப் பக்கத்தில் இருந்த பதினாறு படுக்கைப் பிரசவ மருத்துவமனையை மூடும் யோசனை அமைச்சர் பக்கத்திலிருந்து வந்தது. இளம் அதிகாரியாக இருந்தபோது பெரியப்பாவே இடம் பார்த்துத் திறக்க வைத்த மருத்துவமனை அது. மூடக் கூடாது என்று நண்பர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். "பார்த்துட்டு சொல்லுங்க" என்று அமைச்சர் கோப்பைப் பெரியப்பாவுக்கு அனுப்பினார்.

பெரியப்பா இரண்டு முறை படித்தார். 'அப்படிப் போடு' என்று தோன்றியதாம். அமைச்சர் வெளியூரில் இருந்தார். மறுநாள் அவர் வந்ததும் நேரில் சொல்லிவிடலாம் என்று பெரியப்பா நினைத்தார். கோப்பை மேசையில் தங்கவிட்டுப் பழக்கமில்லாததால் அன்று மாலையே நண்பருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். எழுத உரிமை இல்லை, ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் மதியம் அமைச்சரின் உதவியாளர் வந்து கை குலுக்கினார்.

"எப்படி சார் வழிக்குக் கொண்டு வந்தீங்க? செயலாளரே மூடலாம்னு எழுதிட்டார். ஐயா வந்ததும் கையெழுத்துப் போட்டாச்சு."

மேலேயிருந்து ஒரு வார்த்தையும் இல்லாமல் கோப்பு திரும்பி வந்தால், அந்த அலுவலகத்தில் அதற்கு ஒரே பொருள்: எழுதியது பிடிக்கவில்லை, மாற்று. பெரியப்பாவே எத்தனையோ பேருக்கு அப்படித் திருப்பியிருக்கிறார்.

அவர் அமைச்சரிடம் ஓடினார். "துறையே ஒத்துக்கிச்சு, நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க? செயலாளர் மாத்தி எழுதினா பார்க்கலாம்" என்றார் அமைச்சர்.

இரண்டு மாடி இறங்கி நண்பரின் அறைக்குப் போனார். நண்பர் எழுந்து நின்றார்.

"உக்காருடா. நீ எழுதினது சரிடா. அதை அமைச்சர்கிட்ட சொல்லத்தான் இருந்தேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்."

"போன் பண்ணினா நீ 'வணக்கம் சார்'ங்கற."

நண்பர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மறுபடி எழுது. நான்தான் தப்பா அனுப்பிட்டேன்னு என் பேரைப் போட்டே எழுதுடா."

"கையெழுத்தான கோப்பு சார். எனக்கு சர்வீஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு. என்னால முடியாது."

பெரியப்பா நின்றுகொண்டே இருந்தார். நண்பர் மணியை அழுத்தி, வந்த சேவகரிடம், "சாருக்கு ஒரு டீ" என்றார்.

அடுத்த மாதம் மருத்துவமனையின் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். பெரியப்பா எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மாமியாரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பூட்டைப் பார்த்துவிட்டு, "இங்க இருந்த ஆஸ்பத்திரி எங்கய்யா?" என்று அந்த மாமியார் இவரைத்தான் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிட்டு, ஆட்டோ திரும்பும்வரை நின்றார். பிறகு அலுவலகம் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.