சாக்கில் கட்டி அனுப்பிய செவலி

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலையில் நடந்தது இது. நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு மட்டும் வராமலா இருக்கிறது?

அப்போது நான் கல்யாணமாகி வந்த புதிது. செவலி என்று ஒரு பெட்டை நாய் வளர்த்தேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயனில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் இடத்தில் அது குட்டி போட்டிருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் செய்வதுபோல, கண் பட்டுவிடக் கூடாதென்று மஞ்சள் கயிற்றில் வசம்புத் துண்டைக் கோத்து அதன் கழுத்தில் கட்டிவிட்டேன். "நாய்க்கு வசம்பு கட்டுன மொத ஆளு நீதான்லா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

ஒரு நாள் லயன் பக்கம் வந்த, எங்களை வேலை வாங்கும் கங்காணி, அந்த விறகுக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி போட்ட நாய் சும்மா இருக்குமா? பாய்ந்து குரைத்தது. பின்னால் நகர்ந்தவர் சாக்கடைக்குள் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த பெண்களெல்லாம் சிரித்தோம். நாய் கடித்திருந்தால்கூட மறந்திருப்பார். நாங்கள் சிரித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தால் செவலியைக் காணோம். கண்கூடத் திறக்காத குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் தெரியாது என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் என் முகத்தைப் பார்க்காமல் அதையே சொன்னார். கங்காணியிடமும் போய் நின்றேன். "நாய்தானே புள்ள, போனா போவுது. வேற ஒன்னு புடிச்சிக்கலாம்லா" என்றார்.

டின் பாலைக் கரைத்துத் துணியில் நனைத்து ஒவ்வொரு குட்டியின் வாயிலும் வைத்தேன். அதுகளுக்குச் சப்பத் தெரியவில்லை. மலைக் குளிர் வேறு. விடிந்தபோது ஒன்று விறைத்துக் கிடந்தது. அன்றைக்குள் தாய் வராவிட்டால் மற்றதுகளும் பிழைக்காது என்று தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றோம். ஒரு காய்கறி லோரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு சீனர். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் போட்டிருப்பவராம். நேராகக் கங்காணியிடம் போய் மலாயில் பேசினார். ரோட்டோரம் சாக்கு மூட்டைக்குள் ஒரு நாய் கிடந்ததாம். மடியில் பால் கட்டி வழிந்ததைப் பார்த்து, எங்கேயோ குட்டிகள் இருக்கின்றன என்று புரிந்துகொண்டாராம். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்ததால் தமிழர் வீட்டு நாய்தான் என்று, தன் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தேயிலைத் தோட்டமாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கங்காணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சினி தாடா" என்றார். இங்கே இல்லையாம். அதைக் கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டு "செவலி" என்று கத்திக்கொண்டு ஓடினேன். லோரியின் முன் சீட்டில், தன் கோட்டை விரித்து அதில் படுக்க வைத்திருந்தார் அந்த மனிதர். அவர் கதவைத் திறந்ததுதான் தாமதம், அது குதித்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லயனை நோக்கி ஓடியது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குட்டிகள் மடியை முட்டிக்கொண்டிருந்தன. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நான் அழுதேன். கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு, பட்டாணி லோட் காத்திருக்கிறது என்று கிளம்பிப் போனார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் திரும்பினேன். "பால் குடிக்கிற குட்டிங்க கிட்டருந்து தாயைப் பிரிச்சீங்களே, நீங்கல்லாம் சோறுதான் திங்கிறீங்களா" என்று எல்லார் முன்னாலும் கங்காணியைக் கேட்டேன். அங்கே எந்தப் பெண்ணும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து கொழுந்து எடுக்க எனக்குச் செங்குத்தான மலையாகப் பார்த்துக் கொடுத்தார். ஏறினேன். போகட்டும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா மெதுவாக வந்தார். "கங்காணி செவலிய சாக்குல கட்டி தோட்டத்து லோரியில ஏத்துனத நாங்கல்லாம் பாத்தோம்மா. கங்காணியப் பகைச்சிக்கிட்டு எப்படி இருக்கிறது" என்றார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். அந்தக் குட்டிகள் பசியில் கத்தியது அவர் காதிலும்தானே விழுந்திருக்கும்? கதவைச் சாத்திவிட்டேன்.

கங்காணி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மேலிருந்த கோபமும் அவரோடு போய்விட்டது. பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை. என் பிள்ளைகள் "நமக்கு எதுக்கும்மா வம்பு" என்று எத்தனை முறை கையைப் பிடித்து இழுத்தாலும், கண்ணெதிரே ஒரு அநியாயம் நடந்தால் நான் வாயை மூடுவதே இல்லை.