முள் நகராத வெள்ளிக்கிழமை

போன வாரம் ரிங் ரோட்டில் வண்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு வேன், அதன் பின்னால் சின்ன டிரெய்லர். டிரெய்லரிலிருந்து ஒரு எடை இறங்கி ரோட்டில் 'தொம்' என்று விழுந்தது. வேனுக்குள் ஏசியில் ஒரு இளைஞன் லேப்டாப்பைப் பார்த்தபடி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். ரோட்டுக்கு அடியில் மண் எவ்வளவு கெட்டி என்பதை அந்தத் 'தொம்' சொல்லிவிடுமாம். எனக்கு வயிறு எரிந்தது. இதே வேலையைக் கொதிக்கிற தாரில் குப்புறப் படுத்துச் செய்தவன் நான். என் சட்டைப் பித்தான்களில் பாதி இன்னும் மேலூர்ப் பக்கத்துத் தாரில்தான் இருக்கும்.

வயிற்றெரிச்சல் என்றதும் காஜா ஞாபகம் வந்துவிட்டான். வேறு யார் வருவார்கள்?

தொண்ணூறுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் ஒரு மாடியில் எங்கள் மண் பரிசோதனை லேப். காஜாவும் நானும் ஒன்றாகச் சேர்ந்த டிப்ளமோக்காரர்கள். ரோட்டைச் சோதிக்க எங்களிடம் ஒரு பீம் இருந்தது. இரண்டு ஆள் நீளத்தில் அலுமினியக் கை, வால்பக்கம் கடிகாரம் மாதிரி ஒரு டயல். ஜல்லி ஏற்றிய லாரியின் பின்பக்க ஜோடிச் சக்கரத்துக்கு நடுவே கையின் நுனியை நுழைப்போம். லாரி மெல்ல முன்னே போகும். பாரத்தில் அமுங்கிய ரோடு மயிரிழை மேலெழும், டயலில் முள் நகரும். ரொம்ப நகர்ந்தால் அடிமண் சொதசொத என்று அர்த்தம். டயல் பார்ப்பவன் ராஜா. மற்றவன் குடை பிடிக்க வேண்டும், வெயில் பட்டால் பீம் பொய் சொல்லும். குடை பீமுக்குத்தான். ஆனாலும் அந்த நிழலில் காஜாவின் தலை இருந்தது, என் தலை இல்லை.

டயல் எப்போதும் அவனுக்கே. கை நடுங்காதாம். முள் சிக்காமலிருக்கப் பென்சிலால் பீமைத் தட்டுவான், பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல. மத்தியானம் வீட்டு பிரியாணியில் பாதியை எனக்குத் தருவான். பொறாமையோடு தின்றால் பிரியாணி கூடுதலாக இறங்கும் என்பது என் அனுபவம்.

எனக்கும் ஒரு விடிவு இருந்தது. வெள்ளிக்கிழமை காஜா ஜும்மா தொழுகைக்குப் போகும் நேரம் டயல் எனக்கு. வாரம் முழுக்க அதற்காகவே வாழ்ந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

திருவாதவூர் ரோட்டைப் பலப்படுத்த வேண்டுமா என்று சோதிக்கப் போனோம். இரண்டு பக்கமும் வயல், மிதித்தால் அமுங்கும் மெத்தை மாதிரி ரோடு. புதிய நாலுவழிச் சாலை வேலைக்கு எங்களில் ஒருவனைத்தான் அனுப்ப முடியும், நெடுஞ்சாலை அதிகாரி முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்டுபவனுக்கே அது என்று முதலாளி சொல்லியிருந்தார். அதிகாரி வந்ததோ வெள்ளிக்கிழமை, காஜா மொபெட்டில் மேலூர்ப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிய பிறகு. தெரிந்த சாமிகளுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுக் குப்புற விழுந்தேன்.

லாரி நகர்ந்தது. முள் அசையவில்லை. மறுபடி பார்த்தேன், அசையவில்லை. எழுந்து பித்தான் போட்டுக்கொண்டு, "சார், ரோடு பாறை மாதிரி இருக்கு" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப ஒண்ணும் பண்ண வேணாம்னு எழுதிரலாமா தம்பி?"

அதிகாரியோடு வந்திருந்த முதலாளியின் முகம் கறுத்தது. அந்நேரம் காஜா தொப்பியோடு வந்து இறங்கினான். பீமைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் காதோரம் வந்து, "மாப்ள, பூட்டத் தெறந்தியா?" என்றான்.

தூக்கிக்கொண்டு போகும்போது ஆடாமலிருக்க பீமின் கையை ஒரு திருகால் பூட்டிவைப்போம். அதைக் கழற்றாமல் அளந்தால் ஆனைமலையும் சேற்று வயலும் ஒன்றுதான்.

"நாந்தான் சார் பூட்டிட்டுப் போனேன். இவன்ட்ட சொல்ல மறந்துட்டேன்" என்று காஜா அதிகாரியிடம் சொன்னான். குனிந்து திருகைக் கழற்றினான். லாரி நகர்ந்ததும் முள் ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. அதிகாரி அவன் பேரைத்தான் கேட்டார்.

என்னைக் காப்பாற்றினான். அதற்கும் பொறாமைப்பட்டேன். டயல்தான் உனக்கு, பெருந்தன்மையையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா?

நாலுவழிச் சாலை வேலை அவனுக்குப் போனது, அப்புறம் சவுதி. லேப் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. பீமை எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அதெல்லாம் பிற்பாடு. காஜா போன கையோடு டயல் முழுசாக எனக்கு வந்தது. அழகர்கோவில் ரோட்டில் படுத்துக்கொண்டு, முள் காட்டிய எண்ணை ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். காஜாவுக்குப் பதிலாக வந்து குடை பிடித்தவர் கொட்டாவி விட்டார். என்னைப் பார்த்து வயிறெரிய அந்த ரோட்டில் ஒருத்தரும் இல்லை.