அண்ணா என்னிடம் மறைத்தது

வடமராட்சியில் பிறந்த அண்ணா, அப்பாவுக்குக் காணி கிடைத்தபோது கைக்குழந்தையாகத் தர்மபுரம் வந்து சேர்ந்தார். நான் இங்கேதான் பிறந்தேன். அப்பாவுக்குப் பின் வயலையும் என்னையும் பொறுப்பெடுத்தவர் அவர். வயல் விளைந்தது.

போரில் வீடு போனது. முகாமில் எங்கள் கூடாரத்தின் ஒழுகாத பாதியைக் குழந்தைகளுள்ள குடும்பமொன்றுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணா வாசலில் மழையோடு படுத்தார். என்னையும் படுக்கவைத்தார். எனக்கு அதில் துளியும் விருப்பமிருக்கவில்லை. மீள்குடியேறியதும், தன் வீட்டுக்குக் கூரை போடுமுன் பிள்ளையார் கோயில் கிணற்றுக்குள் இறங்கித் துப்புரவாக்கினார். வெள்ளி விரதம் ஒன்றும் தவறவிட்டதில்லை.

இந்த அண்ணாதான் என் வாதங்களுக்கு ஒரே சாட்சி. அக்காவின் கணவரான அத்தான், கடவுள் இல்லை என்பவர். அவர் வந்தால் போதும், நான் தொடங்கிவிடுவேன்.

"கடவுளுக்குப் பயமில்லாட்டி மனிசன் ஒழுங்காய் இருப்பானோ அத்தான்? அண்ணாவைப் பாருங்கோ!"

அத்தான் அண்ணாவைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். அண்ணா, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்பார். வென்ற களிப்பில் அத்தானின் வடையையும் நானே தின்பேன்.

சென்ற ஆண்டு அண்ணா படுக்கையில் விழுந்தார். ஒருநாள் காலை திருநீறு பூசப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூசு, பிழையில்லை. ஆனால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லையடா."

"எந்த நம்பிக்கை?"

"சாமி நம்பிக்கை. இளந்தாரிக் காலத்திலையே விட்டுப்போச்சு."

"அப்ப விரதம்?"

"அண்ணியின்ரை மரக்கறிச் சாப்பாடு நல்லாயிருக்கும்."

"கோயில் கிணறு?"

"ஊத்தையாய்க் கிடந்தது. சனம் குடிக்கிற தண்ணியெல்லே."

நோயாளியோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று தெரிந்தும் பிடித்தேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கு அது இல்லாமலும் சரிவரும். நீ... பயம் விட்டால் கெட்டுப்போவாயெண்டு நினைச்சன்."

கஞ்சியோடு வந்த அண்ணி திடுக்கிடவேயில்லை. "எனக்குக் கலியாணம் முடிச்ச வருசமே தெரியும் தம்பி. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவர்."

அத்தானோடு நான் காலமெல்லாம் பிடித்த வாதத்தை அண்ணாவும் நம்பியிருக்கிறார். ஆனால் ஒரேயொரு மனிதனைப் பற்றி மட்டும். அது நான்.

சில நாட்களில் அண்ணா போய்விட்டார். அவருக்கான கிரியைகள் முடிந்தபின் நான் கோயில் பக்கம் போகவில்லை. கோபந்தான். கெட்டுப்போகிறேனா என்று என்னையே வேவு பார்த்தேன். வெள்ளிக்கிழமை மீன் தின்றேன். ருசியாக இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

பிறகு கோடை நெற்பயிரான சிறுபோகம் வந்தது. ஒரு மத்தியானம் வாய்க்கால் தண்ணீரில் எங்கள் முறை முடிந்தபோது என் வயல் பாதிதான் நனைந்திருந்தது. அடுத்த முறைக்குரியவர் தொலைவில், நெளுக்குளத்தில் மகள் வீட்டில் நின்றார். கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லை. என் மடையைக் கட்டி, தண்ணீரை அவர் வயலுக்குத் திறந்துவிட்டேன். விட்டுவிட்டு, "பாத்தீங்களோ?" என்று உரத்துக் கேட்டேன். கேட்டது பிள்ளையாரை அல்ல, அண்ணாவை. பதில் சொல்ல அவர் இல்லை. இறந்தபின் இருப்பார் என்று அவரே நம்பவுமில்லை.

அண்ணாவின் முதலாம் ஆண்டு நினைவில், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பாடை சுமந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், இதை வாசித்துவிட்டு "அப்பிடியே போடுங்கோ" என்ற அண்ணிக்கும், உறவுகளே, உங்களுக்கும் எங்கள் நன்றி.

அண்ணாவுக்குச் சொல்லவேண்டிய நன்றி இவை எல்லாவற்றிலும் பெரியது. சொல்லத்தான் வாயெடுக்கிறேன். என்னை ஒருமுறையாவது நம்பிப் பார்த்திருக்கலாமே என்பதுதான் முதலில் வருகிறது.

— தம்பி