அம்மாள் வந்த வீடு

கொப்பளிப்பான் என்கிற சின்னம்மை எனக்கு வகுப்பறையில்தான் தொற்றியிருக்கவேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்று, பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்த மாதம் அது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்துபோன வருத்தம் எனக்கு மட்டும் வரவில்லை என்று பெருமை பேசித்திரிந்தவள் நான். வவுனியாவிலிருந்து நெடுந்தீவுக்கு ஆசிரியையாக முதல் நியமனத்தில் வந்து, வாடகை அறையில் தனியே இருந்தபோதுதான் அந்தப் பெருமை அடங்கியது. காய்ச்சலோடு எழும்பிய காலையில் கழுத்தைச் சுற்றி நீர்க்கொப்பளங்கள் இருந்தன.

அறை ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டில் இருந்தது. வீட்டுக்கார அண்ணை மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி அக்கா ஆறுமாதக் கர்ப்பிணி. முன்னர் இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போயிருந்ததால், அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் நடந்தோம். அக்கா குனிந்தால் அண்ணை முகம் கறுக்கும். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் என் கழுத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் கர்ப்பிணிகள் யாரும் இருக்கிறார்களா என்பதுதான். ஓம் என்றேன்.

"அவவுக்கு முந்தி வந்ததோ எண்டு கேளுங்கோ. வந்திருந்தால் பயமில்லை. வராட்டில் இண்டைக்கே இஞ்சை கூட்டிக்கொண்டு வரவேணும். தாய்க்கும் பிள்ளைக்கும் கூடாது."

ஊருக்குப் போகவென்று என்னைப் படகில் ஏறவேண்டாம் என்றும் சொன்னார். கடல் கொந்தளிக்கிற சோளகக் காற்றுக் காலம். குறிகட்டுவானுக்குப் போகும் படகின் உள்ளே சனம் ஒருவர் மடியில் ஒருவர் இருக்காத குறையாகத்தான் போகும். அதற்குள் நான் ஏறினால் பாதித் தீவுக்குப் பரப்பிவிடுவேன்.

வீட்டுக்கு வந்து உள்ளே போகாமல் படலையில் நின்றே கேட்டேன். அக்கா சிரித்தாள். புருவத்துக்கு மேலே இருந்த குழிந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்குச் சின்னனிலையே வந்திட்டுது. இஞ்சை பாரும் அடையாளம். நீர் போய்ப் படும்."

நான் நம்பினேன். நம்பத்தான் விரும்பினேன். வேறு எங்கே போவது? கொப்பளிப்பானோடு வந்த பெண்ணுக்கு அறை தர ஊரில் யார் இருக்கிறார்கள்?

அக்கா படலையில் வேப்பிலைக் கொத்துக் கட்டினாள். சுவரில் மாதா படம் இருக்கிற வீட்டிலும் இந்த வருத்தத்துக்கு அம்மாள் என்றுதான் பெயர். வந்திருப்பது விருந்தாளி. குசினியில் தாளிப்பு நின்றது, பொரியல் நின்றது. அண்ணைக்கு மீன்குழம்பும் நின்றது. அவர் பிடித்த மீனை ஊருக்குக் கொடுத்துவிட்டு மோரும் சோறும் தின்றார். எனக்குப் பழைய பருத்திச் சேலையில் வேப்பிலை பரப்பிப் படுக்கை. சொறிய வேண்டுமென்றால் வேப்பங்குழையால் தடவவேண்டும். நகம் படக்கூடாது.

முதல் நாட்களில் பயப்படவும் நேரமிருக்கவில்லை. உடம்பு முழுவதும் எரிந்தது. தொண்டைக்குள்ளும் கொப்பளம். அம்மா தொலைபேசியில் அழுதாள். நான் நல்லாயிருக்கிறேன் என்று சொல்லி, வெட்டிவிட்டு அழுதேன். அக்கா கஞ்சியோடு வந்து கட்டிலில் என் பக்கத்திலேயே இருப்பாள். "தள்ளி இருங்கோ அக்கா" என்றால் தழும்பைக் காட்டுவாள்.

கொப்பளங்கள் காய்ந்து கறுத்ததும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரால் அக்காவே எனக்கு முழுக வார்த்தாள். பெரிய வயிற்றோடு வாளியைத் தூக்கியதற்கு அண்ணையிடம் ஏச்சும் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் பொருக்கு. இந்த முகத்தோடு இனி என்ன செய்வேன் என்று கவலைப்பட எனக்குத் தெம்பு வந்திருந்தது.

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணையிடம் சொன்னேன். "அக்காவுக்கு மாதிரி ஒரு தழும்போடை விட்டால் காணும் அண்ணை."

"ஆர், அவவுக்கோ? அது கொப்பளிப்பான் தழும்பில்லை, ரீச்சர். இடம்பெயரேக்கை ட்ரக்டரிலை இருந்து விழுந்தது."

அவர் சும்மா சொல்லிவிட்டு ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தார். நான் இருமியதெல்லாம், அவள் என் தலையணையை மாற்றியதெல்லாம், என் கோப்பையைக் கழுவியதெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இந்தப் பிள்ளையும் போனால் அதைக் கொன்றது நான்.

குசினிக்குள் போய்க் கத்தினேன். அப்படியொரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. "உங்களுக்கு வந்ததோ, இல்லையோ? உண்மையைச் சொல்லுங்கோ."

அக்கா விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாது. கேக்கிறதுக்கு ஆக்கள் இல்லை. நான் மடத்திலை சிஸ்டர்மாரோடை வளந்தனான். அம்மா செத்தது எனக்கு நினைவில்லை."

"பிறகேன் தழும்பைக் காட்டினனீங்கள்?"

"இல்லையெண்டு சொன்னால் நீர் போயிருப்பீர். அம்மாள் வந்த ஆளைப் படலைக்கு வெளியிலை விடுறதோ? அப்பிடி விட்டால் அம்மாள் கோவிச்சுக்கொண்டு இந்தப் பிள்ளையையும் எடுத்திடுவா எண்டு பயந்தனான்."

நான் எந்தப் பிள்ளைக்காகப் பயந்தேனோ, அதே பிள்ளைக்காகப் பயந்துதான் அவள் என்னை வீட்டுக்குள் வைத்திருந்தாள். அவளுடைய பயம் மூடநம்பிக்கை, என்னுடையது படித்தவளின் பயம் என்று பிரித்துப் பார்க்க அந்த நேரம் என்னால் முடியவில்லை. இரண்டும் ஒரே வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

சத்தம் கேட்டு அண்ணை வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தீவு ஆஸ்பத்திரியில் துண்டு தந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பொருக்கு விழத் தொடங்கியிருந்ததால் நானும் போகலாம் என்றார்கள். படகு ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் அவளைப் பிடித்தேன். அண்ணை கடலையே பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரி டொக்டர் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

"ஊசி போடுற காலம் தாண்டியிட்டுது. இரத்தம் எடுத்து அனுப்புறம். காய்ச்சல், கொப்பளம் ஏதும் கண்டால் ஒரு நிமிசமும் நிக்காமல் வாங்கோ."

முடிவு வரும்வரை நான் அந்த வீட்டில் ஒரு காவல்காரியைப் போல இருந்தேன். பள்ளிக்கூடத்தால் வந்ததும் அக்காவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நுளம்பு கடித்த தடிப்பைக் கண்டு ஒருநாள் அழுதே விட்டேன். அவள் தும்மினால் நெற்றியைத் தொடுவேன். "இஞ்சை பாரும், உம்மாலைதான் எனக்குக் காய்ச்சல் வரப்போகுது" என்று பகிடி பண்ணினாள். ஆனால் அவள் குளிக்கும்போது தன் உடம்பைத் தானே தடவித் தடவிப் பார்ப்பதை அறிவேன். குளித்துவிட்டு வர அவ்வளவு நேரம் எடுத்தது. அண்ணை தொழிலுக்குப் போவதை விட்டிருந்தார்.

முடிவைக் கேட்கவும் மூன்றுபேரும்தான் போனோம். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பயப்பிட ஒண்டுமில்லை. உங்களுக்கு இது எப்பவோ வந்து மாறியிருக்கு. பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது."

நான் கதிரையில் இருந்தபடியே தேம்பினேன். அண்ணை வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா மட்டும் டொக்டரையே பார்த்துக் கேட்டாள்.

"எப்ப வந்திருக்கும் டொக்டர்?"

"நல்லாச் சின்னனிலை. நினைவு தெரியாத வயசா இருக்கும்."

குறிகட்டுவான் பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். வேலணை தாண்டும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. நான்தான் பயந்துபோய், ஏதும் செய்கிறதா என்று கேட்டேன்.

"மடத்துக்கு வந்தாப்பிறகு எனக்கு இது வரேல்லை. வந்திருந்தால் சிஸ்டர்மார் சொல்லியிருப்பினம்" என்றாள். "அப்ப அம்மா இருக்கேக்கைதான் வந்திருக்கவேணும்."

அவள் கண் நிறைந்திருந்தது.

"அம்மாவின்ரை ஒரு படம்கூட என்னட்டை இல்லை. என்னைத் தூக்கினவவோ, பாத்தவவோ எண்டு சொல்லவும் ஒருத்தரும் இல்லை. எனக்கு அம்மாதானே முழுக வாத்திருப்பா, என்ன?"

"ஓம் அக்கா" என்றேன்.