வெங்காயத்தாளுக்குள் யாருமில்லை

அடுத்தவர் வீட்டுச் சாவுக்குத் துக்கமாக முகத்தை வைத்துக்கொள்வதுதான் நெமோத்தோ குனிஹிகோவின் பிழைப்பு. விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் ஈமச்சடங்கு மண்டபத்தில், கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக இருபது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறார். எங்கள் ஊரில் அவர் வழியனுப்பாத கிழவர்கள் குறைவு. சோகம் கொஞ்சம் கூடிவிட்டால் வீட்டாருக்குச் சங்கடம், குறைந்துவிட்டால் புகார். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவிலேயே முகம் உறைந்துபோய், கடையில் மீன் வாங்கும்போதுகூட அந்த மீனுக்கு அனுதாபம் தெரிவிப்பதுபோல் நிற்பார். அவர் எதிரே வந்தால் "யார் போனது?" என்று கேட்பது ஊருக்கே விளையாட்டாகிப் போயிருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் லீவு நாட்களில் சுசுனாவாக இருந்தார்.

பஞ்சாங்கத்தில் பிணம் எடுக்கக் கூடாத நாள் என்று ஒன்று வரும்; அன்றைக்கு எடுத்தால் செத்தவர் துணைக்கு ஒருவரை இழுத்துக்கொண்டு போவாராம். மண்டபத்துக்கு அன்று விடுமுறை. நெமோத்தோ அன்று மலைப்பக்கம் பூட்டிக் கிடக்கும் அம்மாவின் பழைய வீட்டுக்குப் போவார். அங்கே அலமாரியில் சுசுனாவின் தலை இருந்தது. கழுத்துவரை மூடும் பொம்மை முகம். முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். மறந்துவிடக் கூடாதே என்று வரைந்ததுபோல ஒரு சின்ன வாய். தோள்வரை சாம்பல் நிற முடி. அதை மாட்டி, உடம்பெல்லாம் தோல் நிறத்தில் இறுக்கமான உறை போட்டு, மேலே மஞ்சள் ஸ்வெட்டரும் நீளப் பாவாடையும் உடுத்திக்கொண்டு, பாட்டுக்கு ஆடி வீடியோ எடுப்பார். பிறகு இணையத்தில் போடுவார். ஆள் ஒல்லி, குள்ளம். நன்றாகவே ஆடுவார்.

இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் உண்டு. முகம் மாட்டியபின் பேசக் கூடாது. உள்ளே யார் என்று பார்ப்பவர்களும் கேட்கக் கூடாது. தெரியாமல் கேட்பவனை மற்றவர்களே விரட்டிவிடுவார்கள். நெமோத்தோவுக்கு அதுதான் தேன். ஆட்டம்கூட அப்புறம்தான். அந்த முகத்துக்குள் அவர் ஆண் இல்லை, பெண் இல்லை, மிசாவோவின் கணவர் இல்லை, சாவு மண்டபத்துக்காரர் இல்லை. யாருமே இல்லை. ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனிதனுக்கு யாருமில்லாமல் இருக்கக் கிடைப்பது லேசான சமாச்சாரமா?

அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைத் திருடன்கூடப் படமாட்டான். பார்சலை வேறொரு ஊர்க் கடைக்கு வரவழைத்து, அங்கே போய் எடுத்துக்கொள்வார். உரக்கடை பெயர் போட்ட காலண்டரைக் கழற்றி வைப்பார். எதையாவது பிரதிபலிக்கும் என்று தொலைக்காட்சிப் பெட்டிமேல் போர்வை போடுவார். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையின் வடிவம்கூடக் காட்டிக்கொடுக்கும் என்று திரை தொங்கவிட்டார். வீடியோவில் உள்ள சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைப்பார். மனைவியிடம் புல் வெட்டப் போகிறேன் என்று சொல்வார். மிசாவோ கால்சட்டையைக் கவனிப்பாள் என்று நிஜமாகவே புல்லும் வெட்டிவிட்டு வருவார்.

ஒரு குளிர்காலத்தில் பார்ப்பவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள். சுசுனா ஒரு தடவை ஆடாமல் சும்மா உட்கார்ந்து ஏதாவது வேலை செய்யட்டும், பாட்டு வேண்டாம், அந்தச் சத்தம் மட்டும் போதும் என்று. நெமோத்தோவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யார் ஆசைப்பட்டிருக்கிறார்கள்? சுசுனா கணப்பு மேசை முன் உட்கார்ந்து கமலா ஆரஞ்சு உரித்தாள். வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள். சுளைகளைத் தட்டில் வட்டமாக அடுக்கினாள். அவளால் தின்ன முடியாது, வாய் வெறும் சாயம்தானே. தட்டைக் கேமரா பக்கம் மெல்ல நகர்த்திவிட்டுத் தலை குனிந்தாள். அவ்வளவுதான். அதற்குமுன் அவர் போட்ட எதையும் ஜனங்கள் அப்படிக் கொண்டாடியதில்லை.

சுளையை அடுக்கும்போது வெளியே மணி ஐந்தானது.

எல்லா ஊர்களிலும் நிலநடுக்க எச்சரிக்கைக்காகக் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, தினமும் மாலை ஐந்துக்கு ஒரு மெட்டு போடுவார்கள். மற்ற ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒரு குழந்தைப்பாட்டு. எங்கள் ஊரில் மட்டும் பழைய தலைமையாசிரியர் ஒருவர் சொந்தமாகப் போட்ட மெட்டு. நடுவில் ஒரு சுரம் வழுக்கிவிழும். அவர் மனம் நோகும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் செத்தபின் மரியாதைக்காகத் திருத்தவில்லை. பிறந்ததிலிருந்து கேட்பதால் எங்கள் காதில் அது விழுவதே இல்லை. நெமோத்தோ காதிலும் விழவில்லை. வீடியோவைப் பலமுறை போட்டுப் பார்த்தார், தோல் உரியும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஊரை விட்டுப் போய்ப் பெருநகரத்தில் இருக்கும் எவனோ ஒருவன், அந்த வழுக்கும் சுரத்தைக் கேட்டு அழுதுவிட்டானாம். 'இது என் ஊர்' என்று வீடியோவுக்குக் கீழே ஊர்ப் பெயரோடு எழுதி வைத்தான். நெமோத்தோ பார்த்த உடனே வீடியோவை அழித்தார். அதற்குள் பலபேர் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்கள். கூட்டுறவுக் கடைப் பெண்கள், இது நம் ஊரில் யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கினார்கள். வந்து போகிறவர்களுக்கெல்லாம் போனில் போட்டுக் காட்டினார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்தி ஒகிவாரா அம்மாள், நெமோத்தோவின் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு நாள் அவர் காரை விட்டு இறங்கும்போதே முள்ளங்கியும் கையுமாக வந்து நின்றாள்.

"நெமோத்தோசான், உங்கம்மா வீட்டைப் போன்ல பாத்தேன். நான் ஒட்டின பூ அப்படியே இருக்கு."

"எந்தப் பூ?"

"காகிதக் கதவைப் பூனை கிழிச்சப்போ, செர்ரிப் பூவா வெட்டி ஒட்டிக் குடுத்தேனே. அதுல ஒண்ணு அஞ்சு இதழுக்குப் பதிலா நாலு இதழாப் போயிடுச்சு. உங்கம்மா சாகுறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

"அது வேற யார் வீடாவது இருக்கும்."

"வேற எந்த மடச்சி நாலு இதழ்ல செர்ரிப் பூ வெட்டுவா?" என்றாள் ஒகிவாரா அம்மாள். "அந்தப் பொண்ணு யாரோன்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் சுளை அடுக்குனதைப் பாத்தேனா... எங்க வீட்டுக்காரர் படத்துக்கு முன்னாடி நீங்க பழம் அடுக்குனீங்களே, அதே கை. அன்னிக்கு அழுதுகிட்டே உங்க கையைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

நெமோத்தோ தலை தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். "தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? கடையில அப்ப இருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் ஊரில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம்.

மிசாவோவுக்கு மீன் கடை வரிசையில் நிற்கும்போது தெரிந்தது. வீட்டுக்கு வந்து பையை வைத்தாள்.

"புல்லு வெட்டப் போறேன்னீங்க."

"புல்லும் வெட்டினேன்."

"வேற பொம்பளைன்னா அழுது தீத்திருப்பேன். இது பொம்பளையும் இல்ல, நீங்களும் இல்ல. நான் யார்மேல கோவப்படறது?" பையிலிருந்து மீனை எடுத்துத் தொட்டியில் போட்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்ல பழம் உரிக்கிறது நான். எனக்குன்னு ஒரு சுளை உரிச்சுக் குடுத்திருக்கீங்களா? முகம் தெரியாத ஜனத்துக்கு நாரெல்லாம் எடுத்து..."

அவள் சொன்னது உண்மை. நெமோத்தோவாக அவருக்கு அந்த மாதிரி உரிக்க வராது. அதைச் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் ஆடவில்லை. தலையைத் தூக்கி எறியலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் ஊரில் குப்பைப் பை கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டும். பையின்மேல் வீட்டுப் பெயரும் எழுத வேண்டும். தெருமுனையில், நெமோத்தோ என்று எழுதிய பைக்குள்ளிருந்து சுசுனா இரண்டு பெரிய கண்ணாலும் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். வெட்டிப் போடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தார், கை வரவில்லை. அலமாரியில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

ஊரில் ஒருத்தரும் அவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. முன்னைவிட அன்பாக இருந்தார்கள். வீட்டு வாசலில் யார் யாரோ கமலா ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு சாவில், தூபத்தில் வாசனைப் பொடி தூவ வரிசையில் வந்த ஒரு பெண் அவரைத் தாண்டும்போது குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் அழும் தோள் எது, சிரிக்கும் தோள் எது என்று அவருக்கு அத்துப்படி. அவளுக்குப் பின்னால் நின்றவளின் தோளும் குலுங்கியது. நெமோத்தோ வெள்ளைக் கையுறை போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சங்கத்தின் கிளைத் தலைவர் தொமியோகா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீயும் கொடுத்தார்.

"யாரும் உங்களைத் தப்பா நினைக்கல, நெமோத்தோசான். சொல்லப்போனா எங்களுக்குப் பெருமைதான். ஆனா பாருங்க, சாவு வீட்ல சிரிப்பு வந்துட்டா சங்கடம்."

"நான் எதுவும் பண்ணலையே."

"நீங்க சும்மா நின்னாலே வருதே, என்ன செய்யறது? விளம்பரப் பிரிவுல சயேகிக்கு முழங்கால் போச்சு. நெகிமாருவுக்கு ஆள் வேணும். உங்களுக்குப் பழகின வேலைதானே."

நெகிமாரு என்பது வெங்காயத்தாள். எங்கள் ஊர் நிலத்தில் விற்கிற அளவுக்கு விளைவது அது ஒன்றுதான். அதனால் சங்கத்துக்கு அடையாளமும் அதுதான். ஆள் உள்ளே புகுந்து ஆடும் பொம்மை உடை: ஆளுயர வெள்ளைத் தண்டு, உச்சியில் பச்சைத் தாள், நடுவில் சிரிக்கும் முகம். உர விற்பனையிலிருந்து விளம்பரப் பிரிவுக்குப் போன சயேகி பல வருஷம் அதற்குள் இருந்தான். அது அவன்தான் என்று ஊருக்கே தெரியும், ஒருத்தரும் சொன்னதில்லை. உள்ளே யாருமில்லை என்பதுதான் மரியாதை. சயேகியின் பெண்டாட்டியே அதன் பக்கத்தில் நின்று, "நெகிமாரு, வெயில் தாங்குதா?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொள்வாள்.

நெமோத்தோ தலையாட்டினார். வேறு வேலைக்குப் போகிற வயதும் இல்லை. ஒரு மூலையில் அவருக்கு நப்பாசையும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வெங்காயத்தாளாகவாவது யாருமில்லாமல் இருக்கலாம் அல்லவா?

அறுவடைச் சந்தையில் கூட்டம் சொல்லி மாளாது. நெகிமாரு தள்ளாடித் தள்ளாடி மேடைப் பக்கம் வந்தது. கையை உயர்த்தி ஆட்டியது.

"நெமோத்தோசான், இங்க பாருங்க," என்று கடைப் பெண்கள் போனை நீட்டினார்கள்.

"நெமோத்தோசான், ஒரு ஆரஞ்சு உரிச்சுக் காட்டுங்க," என்றான் நூடுல்ஸ் கடைக்காரன்.

"பாவம், வேர்த்திருக்கும். நெமோத்தோசானுக்குத் தண்ணி குடுங்கப்பா," என்றாள் ஒகிவாரா அம்மாள், நிஜமான கரிசனத்தோடு.

கட்டுப்பாட்டை மீறாமல் நெமோத்தோ பேசாமல் ஆடினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பெயர் வந்தது. அப்போது மணி ஐந்தானது. கம்பத்திலிருந்து மெட்டு கிளம்பியது. வழக்கமாக யார் காதிலும் விழாத அந்த மெட்டு அன்று எல்லார் காதிலும் விழுந்தது. சுரம் வழுக்கிய இடத்தில் கூட்டம் மொத்தமும் வெங்காயத்தாளைப் பார்த்துச் சிரித்தது. மிசாவோ கூட்டத்தில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

நெமோத்தோ இரண்டு கையாலும் வெங்காயத்தாளின் தலையைப் பிடித்துக் கழற்றினார். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. அச்சடித்த மாதிரி அதே சாவு மண்டப முகம்.

சிரிப்பு பட்டென்று நின்றது. ஒரு தாய் தன் மகளின் கண்ணைப் பொத்தினாள். "என்ன இது, கொஞ்சம்கூட விவஸ்தை இல்லாம," என்று யாரோ முணுமுணுத்தார்கள். தொமியோகா முகம் வெளுத்து ஓடிவந்து, தன் கோட்டை விரித்து அவரை மறைத்தார்.

"என்ன காரியம் பண்றீங்க? குழந்தைங்க பாக்குறாங்க. உள்ள ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா அதுங்க மனசு என்ன ஆகும்? முதல்ல மாட்டுங்க."

நெமோத்தோ தொமியோகாவையே பார்த்தார். பிறகு தலையை எடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளே இருட்டாக, பழைய வியர்வை நாற்றமாக இருந்தது. சிரிக்கும் முகம் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கைதட்டினார்கள்.

தொமியோகா பெருமூச்சு விட்டு, வெங்காயத்தாளின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"ரொம்ப நன்றி, நெமோத்தோசான்," என்றார்.